ஏழாவது புள்ளி

ஒன்பது நாற்பதுக்கு என் ஆய்வு மாணவி ருக்சானா பட்டனை அழுத்தினாள், திரையில் ஆற்றல் நான்கு என்று விழுந்தது, இனி ஒரு புள்ளிக்குப் பன்னிரண்டு நிமிடம், நான்கு, நான்கரை, ஐந்து என்று அரை அரையாக ஏறிப் பத்தில் போய் நிற்கும், ஏழு என்கிற எண் ஏழாவது புள்ளியாக வரும், அது எண்ணி முடிக்கும்போது மணி பதினொன்று நாலு ஆகியிருக்கும். கணக்குப் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனது தானாகப் போட்டுவிட்டது. ஒரு மணி இருபத்து நாலு நிமிடம். இந்தக் கூடத்தில் ஜன்னல் கிடையாது, அணு உலையைச் சுற்றிய கான்கிரீட் சுவர்தான் ஒரு பக்கம் முழுக்க, அதன் மேல் நியூட்ரான் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு, கீழே படிகத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் சக் சக் என்று நொடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருக்கிறது, என் நெஞ்சு அதோடு சேர்ந்து அடிக்கப் பார்க்கிறது, சேர்வதில்லை, முந்திக்கொள்கிறது. சட்டைப் பையில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு அட்டையில் மு. பூங்கோதை என்று என் பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்துப் பார்த்து உடம்பில் எவ்வளவு பட்டிருக்கிறது என்று சொல்வார்கள். பயம் எவ்வளவு பட்டது என்று காட்ட ஒரு அட்டை இருந்தால் என்னுடையது இந்த எட்டு வருடத்தில் கறுத்துப் போயிருக்கும். ருக்சானா பதிவேட்டைக் கொடுத்தாள், வாங்கும்போது விரல் பட்டது. "என்ன மேம், கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?" ஏசி என்றேன். ஏசி காலையிலிருந்து ஓடவில்லை.

அந்தக் குளிர்ந்த பாத்திரத்துக்குள் தொங்குவது சுண்டுவிரல் அளவு ஒரு லாந்தனப் படிகம். எட்டு வருடத்துக்கு முன் அதே கொக்கியில் தொங்கியது சீரியப் படிகம். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள், எடை கிட்டத்தட்ட ஒன்று, அணுக்கள் அடுக்கி நிற்கும் விதம் ஒன்று, வித்தியாசம் ஒரே ஒரு எலக்ட்ரான். சீரியத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானுக்குத்தான் என் வயதில் பாதி போயிருக்கிறது. சுற்றி நிற்கும் அணுக்களின் மின்புலம் நெருக்கும்போது அதற்கு மூன்று படிகள் உண்டாகின்றன, குளிரில் அது கீழ்ப்படியில் கிடக்கும், நியூட்ரான் வந்து மோதினால் நடுப்படிக்கோ மேல்படிக்கோ தாவும், தாவலுக்கு ஆன ஆற்றலை நியூட்ரான் இழந்துவிட்டு வெளியே வரும். இரண்டு தாவல், ஆகவே வரைபடத்தில் இரண்டு மேடு, அதற்கு மேல் வர வழியில்லை. எங்களுக்கு மூன்று வந்தது. ஆற்றல் ஏழில் ஒன்று கூடுதலாக நின்றது. இந்த உலோகங்களில் ஓடித் திரியும் மற்ற எலக்ட்ரான்கள் குளிரக் குளிர அந்த ஒடுங்கிய எலக்ட்ரான்களிடம் சிக்கிச் சிக்கி நூறு மடங்கு எடை கூடினவை மாதிரி நகரும், இன்னும் குளிர்ந்தால் சில கலவைகள் காந்தமாகிவிடும், சில ஆகாது, இரண்டுக்கும் நடுவே ஒரு கலவை இருக்கிறது, அது சூடு முழுக்க வற்றிப்போன தனிச்சுழியிலும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீராமல் துடித்துக்கொண்டே இருக்கும், குவாண்டம் மாறுநிலை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் துடிப்பில் மேல்படிகளுக்குப் பங்கில்லை, அவை எட்டாத உயரத்தில் இருக்கின்றன என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பங்கு உண்டு, படித்தாவலும் படிகத்தின் அதிர்வும் கைகோத்துப் புதிதாக ஒன்று பிறந்து ஏழில் வந்து நிற்கிறது பாருங்கள் என்று எழுதினோம், நானும் அப்போது எங்கள் குழுவை நடத்திய சாமுவேல் சாரும். ஆனால் லாந்தனத்தில் அந்த எலக்ட்ரானே கிடையாது. அப்படியானால் லாந்தனத்தில் ஏழில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் அது வெறும் படிக அதிர்வு, எந்த உலோகத்திலும் இருக்கிற அதிர்வு, நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னது எதுவுமே இல்லை. அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும். சிக்கலான தப்பாக இருந்திருந்தால் அதற்குள்ளேயே ஒளிந்துகொண்டிருப்பேன், இது ஒளிய இடம் தராத தப்பு.

நான்கில் இருநூற்றுப் பதினாலு நியூட்ரான். நான்கரையில் இருநூற்றாறு. "ஃப்ளாட்டா போகுது மேம்," என்கிறாள் ருக்சானா, குரலில் சந்தோஷம், அவளுக்கு இது தட்டையாகப் போக வேண்டும், அவளுடைய ஆய்வேட்டில் ஆறு அத்தியாயம், அதில் நாலு அந்த மேட்டின் மேல் நிற்கிறது. ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு ஞாபகம் வருகிறது, இப்போது ஏன் வருகிறது, தனி ஊசல், இருபது வீச்சுக்கு எத்தனை நொடி என்று எண்ண வேண்டும், எங்கள் பெஞ்சில் யாரும் எண்ணவில்லை, விடை ஒன்பது புள்ளி எட்டு என்று எல்லாருக்கும் தெரியும், அதிலிருந்து பின்னால் நடந்து நடந்து நொடிகளை எழுதினோம், அழகுக்கு ஒன்றிரண்டை மட்டும் கொஞ்சம் பிசகவிட்டோம். ஐம்பதுக்கு ஐம்பது. எக்ஸ்டர்னலாக வந்தவர் என் தாளைத் தூக்கிக் காட்டி இந்தப் பெண்ணுக்குக் கை சுத்தம் என்றார். அன்றைக்கு ஊசல் பக்கத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை. அது பிள்ளை விளையாட்டு, அதையும் இதையும் ஒன்றாக வைக்கக் கூடாது, ஆனால் மனது வைக்கிறது, ஐந்தில் இருநூற்றுப் பத்தொன்பது, தட்டை, தட்டை, ஒருவேளை, ஒருவேளை அன்றைக்கு வந்தது வெறும் தற்செயலோ என்று தோன்றுகிறது, அப்படித் தோன்றும்போது வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு பரவுகிறது, அதை நம்பக் கூடாது, எட்டு வருடம் அந்த வெதுவெதுப்பில்தான் தூங்கியிருக்கிறேன்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு உலையைப் பராமரிப்புக்கு நிறுத்தப் போகிறார்கள் என்று அறிவித்திருந்தார்கள். சீரியம் முடிந்துவிட்டது, ஏழில் மேடு அற்புதமாக நின்றது, சார் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மாதிரி கைதட்டினார், பிறகு சாப்பிடப் போனார். எனக்கு நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது. சும்மா விடுவானேன் என்று, முழுதாகக் குளிரும்வரை காத்திராமல் லாந்தனத்தை ஏற்றினேன், மூன்றே புள்ளி, ஆறு, ஏழு, எட்டு, பத்துப் பத்து நிமிடம். நூற்றுப் பதினெட்டு, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று இருபத்தொன்று. நடுவிலது எழும்பி நின்றது. அதைப் பார்த்ததும் முதலில் காதில் ஒரு விசில் கேட்டது, அது மட்டும் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. ஒற்றைப் புள்ளி, தற்செயலாகவும் எழும்பலாம், நாற்பதில் ஒருமுறை நூறில் ஒருமுறை இப்படி வரத்தான் செய்யும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொன்னேன், சொன்னது பொய்யும் இல்லை. பொய் அதற்கப்புறம் வந்தது. அந்தக் கோப்புக்கு 'சரிபார்ப்பு' என்று பெயர் வைத்து மூடினேன். படிகத்தை இறக்கும்போது கை நழுவி அது தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது, வேண்டுமென்று போடவில்லை, போடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன், ஆனால் விழுந்தபோது மனதில் ஒரு நிம்மதி வந்ததே, அதற்கு யாரிடம் சத்தியம் செய்வது. ஆறு மாதம் கழித்துக் கட்டுரையைப் பரிசீலித்த ஒருவர், பெயர் தெரியாத யாரோ, ஒரே வரி கேட்டிருந்தார், லாந்தனத்தில் பார்த்தீர்களா என்று. லாந்தனப் படிகம் உடைந்துவிட்டதால் அளக்க இயலவில்லை என்று பதில் எழுதினேன். உடைந்தது உண்மை. இயலவில்லை என்பது பொய். இரண்டுக்கும் நடுவே ஒரு 'தால்' போட்டு ஒட்டினேன். அந்த இரண்டு எழுத்துக்குப் பயந்துதான் எந்த மாநாட்டிலும் கேள்வி நேரத்தில் கடைசி வரிசையை நான் பார்ப்பதில்லை.

ஐந்தரையில் இருநூற்றுப் பதினொன்று. ருக்சானா நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், மேலப்பாளையத்துப் பெண், வயது இருபத்தொன்பது, படிகங்களை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்ரேகை அழிந்துவிட்டது, வருகைப்பதிவு இயந்திரம் அவளை ஒவ்வொரு காலையும் யாரோ என்று திருப்பி அனுப்புகிறது, அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். போன வருடம் ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள், "மேம், பழைய பேப்பர்ல லாந்தனம் டேட்டாவே இல்லையே, வைவால யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்ல?" படிகம் உடைஞ்சிருச்சு என்றேன். "அப்ப நான் ஒண்ணு வளர்க்கட்டா?" வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம், நான் சொன்னால் அவள் கேட்பாள். சரி என்றேன். ஏன் சரி என்றேன். மறுத்தால் சந்தேகம் வரும் என்று பயந்துதான். நல்லது செய்ததாக நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, பயம் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளும்போது அந்தப் பக்கம் போனேன், அவ்வளவுதான். எட்டு மாதம் முயன்றாள், இரண்டு முறை குவார்ட்ஸ் குழாய் உள்ளேயே வெடித்தது, மூன்றாவது முறை படிகம் வந்ததும் பஞ்சில் சுற்றி என் மேஜைக்குக் கொண்டுவந்து காட்டினாள், வெள்ளி மாதிரி மின்னியது. எனக்குத் தொடவே கை வரவில்லை.

ஆறில் இருநூற்று முப்பத்தெட்டு. ருக்சானா தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். பதினைந்து கூடலாம் குறையலாம், இருபத்தைந்து கூடியிருக்கிறது, இன்னும் ஒன்றுமில்லை. "மேம், நான் போய் டீ வாங்கிட்டு வந்துடறேன், உங்களுக்குச் சக்கரை இல்லாமதானே?" ஆமாம் என்றேன். கதவு மூடியது. கூடத்தில் நானும் சக் சக்கும். திரையின் ஓரத்தில் படிகத்தின் கோணம், நாற்பத்து மூன்று புள்ளி இரண்டு. பத்து டிகிரி திருப்பினால் போதும், அந்த அதிர்வு நியூட்ரானின் பாதையிலிருந்து விலகிவிடும், ஏழில் ஒன்றும் வராது, பிறகு அவள் கவனிக்காத நேரம் பார்த்துப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடலாம், அவள் திரும்பி வர எப்படியும் பதினைந்து நிமிடம். இதை நான் யோசிக்கவில்லை, இது எனக்கு முன்பே தெரிந்திருந்தது, நேற்று இரவு தெரிந்திருந்தது, படிகத்தைக் கொக்கியில் மாட்டும்போதும் தெரிந்திருந்தது. வலதுகை விசைப்பலகைமேல் போய் நின்றது, ஐந்து, மூன்று, விரல்கள் எண்களைத் தொட்டன, அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டே இருந்தன, உள்ளங்கை வேர்த்து ஒரு விசை பிசுபிசுவென்று ஒட்டியது. பிறகு நினைவு வந்தது, ஒவ்வொரு கோணமும் கோப்பில் தானாகப் பதிவாகும், யார் எப்போது திருப்பினார்கள் என்று எழுதியிருக்கும். கையை எடுத்துவிட்டேன். மனசாட்சி எடுக்கவில்லை, பதிவேடு எடுத்தது. இதையும் யாரிடமாவது சொல்ல வேண்டுமா, செய்யாததையும் சொல்ல வேண்டுமா, தெரியவில்லை. ஆறரையில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று விழுந்ததும் பதிவேட்டில் எழுதினேன்.

அவள் டீயோடு வந்தபோது ஏழு தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது, நூற்று எழுபது, நூற்று எழுபத்து மூன்று, எண் தாவித் தாவி ஏறியது. நான் கையில் டீயை வைத்துக்கொண்டு குடிக்கவில்லை. அவள் நின்றுகொண்டே பார்த்தாள், இருநூற்றுப் பத்தைத் தாண்டியபோது உதட்டைக் கடித்தாள், முந்நூறில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்று நாலுக்கு அது நானூற்றிரண்டில் நின்றது, கருவியின் கை ரீங்காரத்தோடு நகர்ந்து ஏழரைக்குப் போனது. "யா அல்லாஹ்," என்றாள் மெல்ல. "மேம், நேத்து வெறும் பாத்திரத்தை மட்டும் வச்சு ஓட்டினோமே, அதுல ஏழுல ஒண்ணுமே இல்லையே. அப்ப இது படிகத்தோட அதிர்வுதான், இல்லையா? சீரியத்துல நாம பார்த்ததும் இதேதானா?" ஆமாம் என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள், என்னைத் தேற்ற வாயெடுத்தாள், அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. "ருக்சானா, இது எனக்குத் தெரியும்." "என்ன தெரியும்?" அந்த நாற்பது நிமிடத்தைச் சொன்னேன். கோப்பின் பெயரைச் சொன்னேன். பரிசீலித்தவருக்கு எழுதிய பதிலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "எட்டு வருஷமாவா?" "ஆமா." "நான் வந்து சேர்ந்தப்பவும்?" "ஆமா." "நான் மூணாவது சாப்டர் எழுதி உங்ககிட்ட குடுத்தேன் மேம். நீங்க அதுல கமாவெல்லாம் திருத்திக் குடுத்தீங்க." அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள், வெளியேறும்போது கையையும் காலையும் வைத்துப் பார்க்கும் கதிர்வீச்சு இயந்திரம் 'சுத்தம்' என்று மணியடித்தது எனக்கு இங்கே வரை கேட்டது. அவள் திரும்பி வர மாட்டாளோ, இயக்குநரிடம் போவாளோ, ஊருக்கே போய்விடுவாளோ, நாலு வருடம், அவள் உதவித்தொகை முடிய ஐந்து மாதம், அவள் ஏதாவது செய்துகொண்டால், சே, அப்படி நினைக்காதே, ஏன் நினைக்கிறேன், ஏழரையில் முந்நூற்றொன்று, மேடு தன் மறுபக்கத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது, எவ்வளவு ஒழுங்கான மேடு.

மேஜைத் தொலைபேசி அடித்தது. யார் என்று தெரியும். சாமுவேல் சார் ஓய்வுபெற்று நாகர்கோவிலோடு போய் ஐந்து வருடமாகிறது, வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கூட்டத்தில் அவரைக் கௌரவிக்கிறார்கள், அவர் பேசப்போவதே ஏழில் நின்ற அந்த மேட்டைப் பற்றித்தான். "சொல்லு மக்களே, லாந்தனம் என்ன சொல்லுகு?" குரலில் சிரிப்பு. "நானூத்தி ரெண்டு சார். பேக்ரவுண்ட் இருநூத்திப் பத்து." சிரிப்பு நின்றது. குளிர் சரியா இருக்கா, ஐந்து கெல்வின்தானா, வெறும் பாத்திரம் ஓட்டினியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன், அவர் கேட்கக் கேட்க ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வந்தது. "சரி, தப்பு யாருக்கும் வரும், திருத்தம் எழுதுவோம்," என்றார், அந்தப் பெருந்தன்மையில் நுழைந்து படுத்துவிடலாம் போலிருந்தது, இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் வெறும் தவறு செய்தவள் மட்டும்தான். "சார், இன்னொண்ணு இருக்கு," என்றேன். சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் அவர் மனைவி மாத்திரை போட்டீங்களா என்று கேட்பது காதில் விழுந்தது. "அன்னைக்கு அளந்து முடிச்சு உன்னை வண்டியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனது நாந்தான?" "ஆமா சார்." "வழியெல்லாம் நான் பாடிக்கிட்டே வந்தேன்." "ஆமா சார்." "நீ பக்கத்துல இருந்து கேட்டுட்டு வந்த." ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எனக்கு எழுபது ஆகப்போவுது பூங்கோதை," என்றார், எப்போதும் மக்களே என்றுதான் கூப்பிடுவார், பிறகு ரிசீவரை வைக்கிற சத்தம், மெதுவாக, கண்ணாடிப் பொருளை வைப்பது போல.

அப்புறமும் கருவி எண்ணியது. எட்டில் இருநூற்று நாற்பது, எட்டரையில் இருநூற்றுப் பதின்மூன்று, ஒன்பது, ஒன்பதரை, யாரும் பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதினேன், எழுதாமலிருந்தால் கை வேறு ஏதாவது செய்துவிடும் என்று பயமாக இருந்தது. சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், எத்தனை முறை எத்தனை விதமாக நினைத்திருந்தேன், இறங்கவில்லை, பழைய பயம் ஒன்றாய் இருந்தது, இப்போது அதற்கு ஆட்கள் முளைத்துவிட்டார்கள், இயக்குநர், பத்திரிகை ஆசிரியர், வகுப்பில் முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகள், கட்டுரையை மேற்கோள் காட்டிய முகம் தெரியாத நூற்றுச்சொச்சம் பேர். பன்னிரண்டே காலுக்குப் பத்தில் போய் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. கதவு திறந்த சத்தத்தில் திரும்பாமலே அவள் என்று தெரிந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது, முகம் கழுவியிருந்தாள். என்னைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கணினியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். "திருத்தத்தை நான் எழுதறேன் மேம். என் பேர் முதல்ல வரும். நீங்க எழுதினா எங்கயாச்சும் மெழுகிடுவீங்க." சரி என்றேன். "சீரியத்தை மறுபடி ஏத்தி இன்னும் ரெண்டு நாள் அளக்கலாம். லாந்தனத்தைக் கழிச்சிட்டுப் பார்த்தா என்ன மிஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும். ஒண்ணும் மிஞ்சலைன்னா ஒண்ணும் மிஞ்சலைன்னு எழுதுவேன்." சரி. "தேதி சொல்லுங்க." சொன்னேன். "படிகம் எப்ப உடைஞ்சுது, அளக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" "பின்னாடி." அவள் தட்டினாள், விசைகளின் சத்தம் ஒரே சீராக வந்தது. "அன்னைக்கே ஏன் சொல்லலை?" என்று கேட்டுவிட்டு, "இது திருத்தத்துல வராது. எனக்குத் தெரியணும்," என்றாள். நல்ல காரணங்கள் நாலைந்து வரிசையாக வாய்வரை வந்தன, ஒற்றைப் புள்ளி, நேரமில்லை, சாரின் சந்தோஷம், எட்டு வருடமாக அடுக்கி வைத்திருந்தவை. "பயந்துட்டேன்," என்றேன். விரல்கள் நின்றன. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "இப்ப?" "இப்பவும்தான்." அவள் திரைப்பக்கம் திரும்பி, "அடுத்த வரி நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்," என்றாள்.